ஊமைக்கரும்பு

எச்சிலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, உறவினர்கள் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. நிறுத்தவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. உதட்டை மூடினால் உள்ளே நெருப்பு, திறந்தால் முந்தானை நனைந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் தாடைக்குக் கீழே ஈரமாக இருப்பது போலத் தோன்றி, கை தானாகப் போய்த் துடைக்கிறது.

பெருங்களத்தூரில் என் கணவரின் அண்ணன் வாங்கிய புது ஃபிளாட்டின் கிரகப்பிரவேசம் அது. ஒன்பதாவது மாடி. ஹோமம் முடிந்து ஐயர் கிளம்பிவிட்டார். பால் காய்ச்சியாயிற்று. சாப்பாடு பன்னிரண்டு மணிக்குமேல், கீழே இருக்கும் ஹாலில். அதுவரை வந்தவர்கள் அறை அறையாகப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பதும், பால்கனியில் நின்று ஜி.எஸ்.டி. ரோட்டைக் காட்டிப் பேசுவதுமாக இருந்தார்கள்.

அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் செடிப் பைத்தியம். பழைய வாடகை வீட்டில் வெயில் விழாது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், புது வீட்டுக்குச் சோபா வருவதற்கு முன்பே இருபது தொட்டிகளை வரவழைத்துவிட்டார். ஒவ்வொரு தொட்டியிலும் ஐஸ்கிரீம் குச்சி போல மரத்தில் ஒரு பெயர்ப் பட்டை. அதில் செடியின் பெயரை ஆங்கிலத்தில் அழகாக எழுதிச் செருகியிருந்தார்.

வாசலுக்கு உள்ளே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், வாள் வாளாக நிமிர்ந்து நிற்கும் ஒரு செடி. அதன் பட்டையைக் காட்டி அக்கா விருந்தினர்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை செய்தார். "இத படிங்க பாப்போம். மதர் இன் லாஸ் டங். மாமியார் நாக்கு! எவ்ளோ நீளம் பாத்தீங்களா? கூரா வேற இருக்கு. அதான் வாசல்லயே வெச்சுட்டேன்." சொல்லிவிட்டு, ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் மாமியாரைக் கண்ணால் காட்டுவார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமியாருக்குச் சொந்த ஊர் கோவளத்தை ஒட்டிய மீனவக் குப்பம். இருபத்தைந்து வருடம் மீன் கூடையோடு பஸ் ஏறித் தாம்பரம் வந்து, தெருத்தெருவாக விற்றவர். அவர் ஒரு முனையில் "வஞ்சிரம், சங்கரா" என்று குரல் கொடுத்தால் மறு முனையில் சட்டியோடு வந்து நிற்பார்களாம். அந்தக் குரலில்தான் இரண்டு மகன்களும் படித்தார்கள். இப்போது அதே மகன்கள், "அம்மா, கொஞ்சம் மெதுவா பேசும்மா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார்கள். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதனால் விசேஷ வீடுகளில் பேசாமலே உட்கார்ந்துவிடுவார்.

நான் பக்கத்தில் போனபோது கேட்டார். "இன்னாமா அது, அல்லாரும் அந்தச் செடியப் பாத்துட்டு என்னப் பாக்கறாங்க? இன்னா எழுதிகீது அதுல?"

"ஏதோ இங்கிலீஷ் பேரு அத்தை. எனக்கும் சரியா தெரியல."

பொழுதெல்லாம் ஆங்கிலத்தில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. எனக்கு அந்த நான்கு வார்த்தை தெரியாது என்பதை அவர் நம்பியிருக்க வழியில்லை. "சரி" என்று திரும்பிக்கொண்டார்.

அப்போது அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டார். பழத்தட்டை நான் அலங்கரிக்க வேண்டுமாம். அன்னாசி, கொய்யா, பப்பாளி. வெள்ளித்தட்டில் வெறுமனே வைத்தால் படத்துக்கு நன்றாக இருக்காது. "அந்த டி.வி. பக்கத்துல பெரிய செடி இருக்கு பாரு, பச்சையில வெள்ள தெளிச்ச மாதிரி. அதுல நாலு எல கட் பண்ணி கீழ போட்டு, மேல பழத்த அடுக்கேன்."

செய்தேன். இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். காம்பு தடிமனாக, நீர் கோத்து இருந்தது. வெட்டிய இடத்தில் பால் போலவும் இல்லாமல் தண்ணீர் போலவும் இல்லாமல் ஒரு சாறு கசிந்தது. கேவலமான நாற்றம். பூ ஜாடியில் ஒரு வாரம் மாற்றாமல் கிடந்த தண்ணீரின் நாற்றம். கழுவாமலே அதே கத்தியால் அன்னாசியை நறுக்கினேன். காம்பின் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு, அன்னாசியில் ஒட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. இனிக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டு மென்றேன்.

கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு காறும் இல்லையா? அதை நூறாகப் பெருக்க வேண்டும். கண்ணாடித் தூளை மென்றது போல இருந்தது. துப்பினேன். துப்பத் துப்ப ஊறியது. நாக்கு வாய்க்குள் வளர்ந்துகொண்டே போவதை என்னால் உணர முடிந்தது. அது என்னுடையதாகவே இல்லை. யாரோ ஒரு பச்சை ஈரலை என் வாய்க்குள் திணித்துவிட்டது போல, பற்களில் இடித்துக்கொண்டு கிடந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் புது சிங்க்கில் குனிந்து நின்றேன். கத்தலாம் என்று பார்த்தால் 'ஆ' கூட வரவில்லை. காற்றுதான் வந்தது.

அக்கா முதலில் சொன்னது: "ஐயோ, சிங்க்ல வேணாம், பாத்ரூம் போ!"

அவர் சத்தம் கேட்டு எல்லோரும் சமையலறை வாசலில் கூடினார்கள். ஹாலுக்கு நடத்திவந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கையில் யாரோ ஒரு டவலைக் கொடுத்தார்கள். என் கணவரின் அண்ணன் போனை எடுத்து, அந்தச் செடியின் பட்டையில் இருந்த பெயரைப் போட்டு, அது என்னவென்று தேடினார். கண்டுபிடித்தவுடன் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

"டேய், இது பேரு டம்ப் கேனாம்டா! டம்ப்னா ஊமை. இத மென்னா ரெண்டு நாளைக்குப் பேச்சே வராதாம்!" என் கணவரின் தோளைத் தட்டினார். "தம்பி, உனக்கு ஒரு கன்னு வெட்டித் தரேன். வூட்டுக்கு எடுத்துட்டுப் போடா."

சிரிப்பு. ஹால் முழுக்க ஆண்களின் சிரிப்பு. பெண்களும்தான். என் கணவரைப் பார்த்தேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தடவிக்கொண்டே சிரித்தார். "ஒண்ணு போதாதுண்ணா" என்றார்.

கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு மாமியார் வந்தார். கையில் தயிர்ச் சட்டி. என் தாடையைப் பிடித்துத் தூக்கி, எச்சிலைத் தன் புடவையாலேயே துடைத்துவிட்டு, ஒரு கரண்டி தயிரை வாயில் வைத்தார். "முழுங்காத. வெச்சிரு. அப்பால துப்பு. துப்புமா, என் கையிலயே துப்பு." துப்பினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பிறகு திரும்பினார். அந்தத் தெருமுனைக் குரலை அன்றுதான் நான் நேரில் கேட்டேன்.

"இன்னாடா பல்லக் காட்டிகினு நிக்கிறீங்க? அவளுக்கு மூச்சு முட்டுது! சிரிப்பா கீதா உங்களுக்கு? ஆட்டோ கூப்புடுறா டேய்!"

"அத்தை, கொஞ்சம் மெதுவா" என்றார் அக்கா. "கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் இளம்பெண். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அந்தச் செடிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றன, மென்றால் அவை சதையில் தைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். ஊசி போட்டார்கள். ஐஸ் கட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூச்சுக்குழாய் வீங்கவில்லை என்று உறுதி செய்ய, சாயங்காலம்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீல பக்கெட். அதில் என் எச்சில் நூலாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஆறு மணி வரை இருந்தேன். அன்னாசி மணமும் அந்த ஜாடித் தண்ணீர் நாற்றமும் கலந்து பக்கெட்டிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

சேலையூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு போனைப் பார்த்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது செய்திகள். வாயில் ஜிப் போட்ட முகங்கள். "எந்த நர்சரியில கிடைக்கும்?" என்று ஒருவர். "மொத்த ஆர்டர் குடுக்கலாமா?" என்று இன்னொருவர். நான் நாற்காலியில் டவலோடு உட்கார்ந்திருந்ததை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே என் கணவர் ஒரு ஸ்டிக்கர் போட்டிருந்தார். குறட்டை விட்டுத் தூங்கும் கரடி. எழுத்து: 'கடைசியில் நிம்மதி'.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கணவர் ஆபீஸ் கிளம்பியதும், அந்தப் பெயரை நானே தேடிப் படித்தேன். வீட்டுச்செடிகளைப் பற்றிய பக்கங்களில் அதை அழகு, பராமரிக்க எளிது என்றெல்லாம் எழுதிவிட்டு, பெயர்க் காரணத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டிருந்தார்கள். கேன் என்றால் கரும்பு. தண்டு கணுக்கணுவாகக் கரும்பு போல இருப்பதால். டம்ப் என்றால் ஊமை. மென்றால் பேச்சு போய்விடுவதால். சரி, மென்றது யார்? தானாக யாராவது இதை மெல்வார்களா?

இன்னும் தேடினேன். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட மக்கள். எதிர்த்துப் பேசியவர்களுக்கு, சொன்னதைக் கேட்காதவர்களுக்குத் தண்டனையாக இந்தத் தண்டை வாயில் தேய்த்தார்கள், மெல்ல வைத்தார்கள் என்று எழுதியிருந்தது. அறிவியல் பெயரையும் பார்த்தேன். அது ஐரோப்பாவில் ஏதோ ஓர் அரண்மனைத் தோட்டக்காரரைக் கௌரவிக்க வைத்ததாம்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். வயிற்றில் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. அதுவும் வந்தது. வீங்கிய நாக்கின்மேல் புளிப்பு பட்டு எரிந்தது.

எனக்கு நடந்தது விபத்து. ஆஸ்பத்திரி இருந்தது, ஐஸ் இருந்தது, தயிர் இருந்தது. தாடையைப் பிடித்து அழுத்தித் திணிக்கப்பட்ட வாய்களுக்கு என்ன இருந்திருக்கும்? அந்த எச்சிலோடு, அந்த நாக்கோடு, வெயிலில் கரும்பு வெட்டத் திரும்பிப் போயிருப்பார்கள். கரும்பு வெட்டியவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எங்கும் இல்லை. வாய் எரிந்தவர்கள் வைத்திருந்தால் அதன் பெயர் நெருப்பு என்றோ ஊசி என்றோ இருந்திருக்கும். 'ஊமை' என்பது, திணித்துவிட்டுத் தள்ளி நின்று, வேலை செய்கிறதா என்று பார்த்தவன் வைத்த பெயர். அதை ஐஸ்கிரீம் குச்சியில் எழுதி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

மாமியார் அப்போது எங்களோடுதான் இருந்தார். கிரகப்பிரவேசம் முடிந்ததும் பெரிய மகனின் புது வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. எனக்காக இரண்டு நாள் தங்கினார். நான் வாந்தி எடுத்த சத்தம் கேட்டு வந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்குடி அழுவுற? நோவுதா?"

ஒரு நோட்டை எடுத்து, படித்ததை எல்லாம் தமிழில் எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு சொல்லாக, அந்தப் பெரிய குரலில், சமையலறை அதிரப் படித்தார். முடித்ததும் வாஷ்பேசின் பக்கம் திரும்பித் "த்தூ" என்று துப்பினார். குழாயைத் திறந்து கழுவிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்த இன்னொரு செடி பேரு இன்னா? செருப்பு வெக்கிற எடத்துல நின்னுச்சே."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வராது என்று தப்பிக்க முடியாது, கை இருக்கிறது. எழுதினேன். 'மாமியார் நாக்கு.'

இதைச் சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"உனக்குத் தெரியும் அப்பவே."

தலையாட்டினேன்.

"நீயும் சிரிச்ச. நான் பாத்தேன்."

'எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன்' என்று எழுதிக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மேஜைமேல் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, ரவைக் கஞ்சி ஆறவைத்து எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் மேஜையில் சிந்தியது. துடைக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குரூப்பில் எழுதினேன். பெயர் எங்கிருந்து வந்தது, யார் வாயில் எதற்காகத் திணித்தார்கள் என்பதை எல்லாம் விடாமல். கடைசியில், இரண்டு வயதுப் பேரக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தத் தொட்டி வேண்டாம் அக்கா என்றும் சேர்த்தேன். அரைமணி நேரம் கழித்து ஒருவர் 'யூஸ்ஃபுல் இன்ஃபோ' என்று கட்டைவிரல் போட்டார். கணவரின் அண்ணன், 'ஜோக்க ஜோக்கா எடுத்துக்கணும்மா. உடம்பப் பாத்துக்கோ' என்றார். அதற்கு அடுத்து யாரோ ஒரு கிரிக்கெட் வீடியோவைப் போட்டார்கள். அதோடு என் செய்தி மேலே போய் மறைந்தது.

கணவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டார். "ஏன் குரூப்ல போட்ட? அண்ணா ஃபீல் பண்றான். வீடு வாங்குன சந்தோஷத்துல இருக்கான், அடிமை அது இதுன்னு."

நாக்கு இன்னும் தடித்திருந்தது. பதில் சொல்ல மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குரல் வந்தது. கரகரவென்று, தண்ணீர் இல்லாத குழாயில் காற்று வருவது போல.

"நீங்க ஏன் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இதுல என்ன?"

கோபத்தோடு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நோட்டு மேஜைமேல்தான் கிடந்தது. என் கையெழுத்தில் அதே வாக்கியம். அவரை வெறுக்க நான் தயாராக வைத்திருந்தது எல்லாம் என்னைத் தாண்டிப் போக மறுத்தது. கடைசியில், "அந்த ஸ்டிக்கர எடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனை எடுத்தார். ரொம்ப நேரம் அழுத்திப் பார்த்தார். "எல்லாருக்கும் டெலீட் பண்ண முடியல. டைம் தாண்டிடுச்சு" என்றார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "எனக்கு மட்டும்தான் போகும்னு வருது." அழித்தார். மற்ற எல்லோருடைய போனிலும் கரடி இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மாமியாரை அழைத்துப்போகப் பெரிய மகன் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார். மாமியார் பையைக் கட்டவே இல்லை. "எனக்கு அந்த லிப்டு ஒத்துக்கலடா. காது அடைக்குது" என்றார். மகன் கெஞ்சிப் பார்த்தார். "இங்கயே இருக்கன். உனக்குத் தோணும்போது வந்து பாரு." எங்களோடுதான் இருக்கிறார் இன்றுவரை. என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டில் எது பரவாயில்லை என்று பார்த்திருப்பார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அவர் பேசும்போது என் கணவர் மெதுவாகப் பேசச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை வந்து, சத்தம் அதிகம் என்று சொன்னார்கள். கணவர் அதைக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அக்கா அந்தத் தொட்டியைத் தூக்கிப் போடவில்லை. அலமாரிக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாராம். பெயர்ப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டார். அடுத்த முறை போனபோது பார்த்தேன். பெயர் இல்லாமல் இன்னும் செழிப்பாக இருந்தது.

போன மாதம் ஒரு காலையில், இரும்புலியூர் பக்கம் ரோட்டோர நர்சரி ஒன்றைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். முன்வரிசையில் அதே செடி, பத்துப் பன்னிரண்டு தொட்டி. தண்ணீர் தெளித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் அதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கை இலைக்குப் பக்கத்தில் ஆடியது.

நர்சரிக்காரர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "லக்கி பிளான்ட்மா. வூட்ல வெச்சா சண்ட சச்சரவே வராது. அமைதியா இருக்கும்."

எனக்கு நாக்கின் அடியில் நீர் ஊறியது. பழைய நாற்றம் மூக்குக்குள் வந்தது.

"அண்ணா, இதோட பேரு அது இல்லையே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியும் மேடம். அந்தப் பேரச் சொன்னா யாரு வாங்குவா? அதான் லக்கின்னு வெச்சிகினோம். பேருல இன்னா கீது?"

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். என் வாயில் என்ன ஆயிற்று, எச்சில் எப்படி வடிந்தது, இந்தத் தண்டு முன்பு எதற்குப் பயன்பட்டது, எல்லாவற்றையும். ரோட்டில் லாரி போன சத்தத்தில் நான் கத்த வேண்டியிருந்தது. கத்தினேன். நர்சரிக்காரர், "காலங்காத்தால வந்து பேஜார் பண்றீங்களே" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

அந்தப் பெண் தொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தொட்டுட்டானாக்கா? பாத்தீங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு விரலாகக் கழுவினோம். அவன் விரலைப் பிடுங்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.